ஒன்றே முக்கால் லட்ச ரூபாய் ஒளிப்பெட்டி: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

மாலை ஆறு மணிக்குப் பார்த்தபோது ஐந்தாம் குழாயில் சாயமே இல்லை. மற்ற குழாய்களில் நீலம் பாதிக்கு மேல் மிச்சமிருக்க, ஐந்தாவது மட்டும் குடிக்கலாம் போலத் தெளிந்திருந்தது. நோட்டில் 97 சதவீதம் சாயம் உடைந்தது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் அதே குழாய் நீலமாக நிற்கிறது. யாரோ குழாயை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று ஜூனியர் பையனைப் பிடித்துத் திட்டினேன். பாவம், அவன் முந்தின நாள் லீவு.

அந்தக் குழாய்க்கு வருகிறேன். முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பெட்டியைப் பற்றிய விமர்சனம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. குறைகடத்தித் தூள் செய்வது, அதைச் சாயம் கலந்த தண்ணீரில் போட்டு வெளிச்சம் காட்டுவது, சாயம் எவ்வளவு உடைந்தது என்று அளப்பது. மூன்று வருடமாக இதுதான் வேலை. வெளிச்சம் காட்டுவதற்கு ஒரு ஒளிவினைக் கலன் வேண்டும். லேபில் எல்லோரும் பெட்டி என்றுதான் சொல்வோம். ஒன்றே முக்கால் லட்சம், வரி தனி. தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வேறு கல்லூரிகளில் வேறு கம்பெனிப் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களிடம் பேசினால் பாதிக் குறைகள் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. அதனால் வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அமைப்பு எளிது. பவுடர் கோட்டிங் அடித்த இரும்புப் பெட்டி, உள்ளே பளபளப்பான அலுமினியத் தகடு. நடுவில் இரட்டைச் சுவருள்ள குவார்ட்ஸ் குழல், அதற்குள் 125 வாட் மீடியம் பிரஷர் மெர்க்குரி விளக்கு. இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஓடி விளக்கின் சூட்டை வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் ஆறு குழாய்கள், ஒவ்வொன்றும் 100 மி.லி. அடியில் காந்தக் கலக்கி, பின்பக்கம் ஒரு விசிறி, முன்பக்கம் டைமர். விளக்கு எரிய சோக் தனியாக ஒரு டப்பாவில். வெளிச்சம் முழுதாக வர ஐந்து நிமிடமாவது ஆகும். 365 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் (யூவி), நல்ல பலம், கூடவே 254, 313, 405, 436 என்று மெர்க்குரிக்கே உரிய மற்றக் கோடுகளும் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோக் கல் மாதிரி. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கைவிடவில்லை. நடுக்குழல் அசல் குவார்ட்ஸ். கலக்கி ஆறு குழாயிலும் ஒரே சீராகச் சுற்றுகிறது, தூள் அடியில் படிவதில்லை. இவ்வளவுதான் நல்லது என்று சொன்னால் கருமித்தனமாகத் தெரியும், ஆனால் இந்த மூன்றும் சரியாக இல்லாத பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சூடு. இந்தப் பெட்டியின் பெரிய பிரச்சினை இதுதான், இது தெரியாமல் நான் ஆறு மாதம் வீணடித்தேன். குழலுக்குள் ஓடும் தண்ணீர் விளக்கைக் குளிர்விக்கிறது, சரி. ஆனால் சோக் டப்பாவைப் பெட்டியின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதன் சூட்டுக் காற்றைத்தான் விசிறி உள்ளே இழுக்கிறது. காலை 29 டிகிரியில் ஆரம்பித்த, ஆறு குழாய்களுக்குள் இருக்கும் சாயத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 46 டிகிரி. அந்தச் சூட்டில் சாயம் வேகிறதா, ஒளியில் உடைகிறதா என்று எப்படிப் பிரிப்பது?

வெற்று ஓட்டம் போட்டுப் பார்த்தேன். தூளே போடாமல், லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் புளூ என்ற அந்த நீலச் சாயம் மட்டும். இரண்டு மணி நேரத்தில் 22 சதவீதம் காணாமல் போனது. அதாவது நான் ஒரு செங்கல் பொடியைப் போட்டிருந்தாலும் இருபத்திரண்டு மார்க் வாங்கியிருக்கும்! மெத்திலீன் புளூ ஒளியை விழுங்குவதில் 664 நானோமீட்டரில் ஒரு உச்சம், 290 பக்கம் இன்னொன்று. விளக்கின் குறு அலைகளை அது தானாகவே விழுங்கித் தானாகவே கொஞ்சம் உடையும். அதற்கு மேல் பெட்டியின் சூடு. விசிறியைத் திருப்பிப் போட்டு, சோக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, பழைய இருபது லிட்டர் கேனில் ஐஸ் போட்டு அந்தத் தண்ணீரைச் சுற்றவிட்ட பிறகு வெற்று ஓட்டம் 9 சதவீதத்துக்கு இறங்கியது. விசிறி திருப்புவது அரை மணி நேர வேலை. தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருக்கலாம்.

இருட்டிலும் ஒரு ஓட்டம் போட வேண்டும். தூளும் சாயமும் கலந்து, விளக்கைப் போடாமல் அரை மணி நேரம் கலக்கிவிட்டு அளந்தால், தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட சாயம் எவ்வளவு என்று தெரியும். ஒட்டியதும் உடைந்ததும் ஒன்றல்ல. இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் இருக்கிறது. வெற்று ஓட்டத்தைத்தான் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

இப்போது ஐந்தாம் குழாய்.

தூளில் ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டைக்குத் தாவும், கீழே ஒரு துளை நிற்கும். துளை தண்ணீரிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கி, சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனிடம் போய் அதைச் சூப்பராக்சைடாக்கும். இந்த இரண்டு வழியிலும்தான் சாயம் உடைகிறது. எந்த வழி முக்கியம் என்று பார்க்க ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு தடுப்பானைப் போடுவோம். ஹைட்ராக்சிலைப் பிடிக்க ஐசோபுரோப்பனால், சூப்பராக்சைடைப் பிடிக்க பென்சோகுவினோன், துளையைப் பிடிக்க இடிடிஏ. ஐந்தாம் குழாயில் இருந்தது இடிடிஏ. தடுத்தால் சாயம் மெதுவாகத்தானே போக வேண்டும்? எனக்கு வேகமாகப் போனது.

காரணம் பெட்டியின் மூடி. ஆறு குழாய்க்கும் இறுக்கமான ரப்பர் அடைப்பான்தான் கொடுத்திருக்கிறார்கள், காற்று விட வழி இல்லை. இடிடிஏ துளைகளைத் தின்றுவிட்டது, எலக்ட்ரான்கள் சும்மா நின்றன. மூடிய குழாயில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அவை நேராக மெத்திலீன் புளூ மேலேயே ஏறின. எலக்ட்ரான் ஏறிய மெத்திலீன் புளூவுக்கு நிறம் கிடையாது. மாலையில் சாம்பிள் எடுக்க நான் அடைப்பானைத் திறந்து வைத்ததில் ராத்திரி முழுக்கக் காற்று இறங்கியது, நீலம் திரும்பி வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் குளுக்கோஸும் காரமும் போட்டுக் குலுக்கினால் நீலமாகும், வைத்தால் வெளுக்கும் பாட்டில் ஒன்று காட்டுவார்களே, அதே கதைதான். சாயம் பெரும்பாலும் உடையவே இல்லை. 97 சதவீதம்!

அதற்குப் பிறகு மீன் தொட்டிக் கடையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு காற்றுப் பம்பு வாங்கி, அடைப்பான்களில் ஊசி குத்தி ஆறு குழாயிலும் காற்று விட்டேன். இரண்டு வருடத்தில் இந்தப் பெட்டிக்கு நான் செய்த செலவுகளில் இதுதான் உருப்படியானது. ஜூனியரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

குழாய்கள் விஷயமும் இருக்கிறது. பில்லில் ஆறும் குவார்ட்ஸ் என்று போட்டு அதற்கான விலையும் வாங்கினார்கள். ஒருநாள் ஒன்று கை தவறி உடைந்தது. எந்த அலைநீள ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும் யூவி-விஸ் கருவியில், ஒளி போகும் வழியில் ஒரு சில்லை நிறுத்திப் பார்த்தேன். 300 நானோமீட்டருக்குக் கீழே ஒளி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. குவார்ட்ஸாக இருந்தால் 254இலும் தாராளமாகப் போக வேண்டும். இது போரோசிலிக்கேட், சாதாரண லேப் கண்ணாடி. என் வேலை பெரும்பாலும் 365இல் நடப்பதால் எனக்கு நஷ்டம் அதிகமில்லை, சொல்லப்போனால் குறு அலைகளை அது தடுத்தது நல்லதாகவே போயிற்று. ஆனால் காசு வாங்கியது குவார்ட்ஸுக்கு. அந்த வரைபடத்தை மெயிலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து இரண்டு குழாய் வந்தது. மீதி நான்கு இன்னும் "டிஸ்பேட்ச்" ஆகிக்கொண்டிருக்கிறது.

கதவில் சுவிட்ச் இல்லை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. திறந்தால் விளக்கு அணைய வேண்டும் என்பது ஐம்பது ரூபாய் பொருள். எங்கள் லேபுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி விளக்கு எரியும்போதே கதவைத் திறந்து நிதானமாகச் சாம்பிள் எடுத்தாள். அன்று ராத்திரி கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல உறுத்தலும் நீருமாகத் தூங்கவே இல்லை. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு வருவது இதுதான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இப்போது நாங்களே ஒரு சுவிட்ச் வைத்து, கதவில் யூவி கண்ணாடியும் தொங்கவிட்டிருக்கிறோம். அந்த சுவிட்சிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த வகை விளக்கு ஒருமுறை அணைந்தால் ஆறும் வரை திரும்ப எரியாது, பத்து நிமிடம் போய்விடும். மின்வெட்டு வந்தாலும் இதே கதிதான். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஓட்டம் வைக்காதீர்கள்.

ஒளியின் அளவைப் பற்றி விற்பவர் லக்ஸ் மீட்டர் கணக்கு ஒன்று சொன்னார். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, 365ஐ அதனால் அளக்க முடியாது. பழைய வழியில், ஒளி பட்டால் மாறும் பொட்டாசியம் ஃபெரியாக்ஸலேட் செய்து அளந்தேன். ஹாட்சர்டும் பார்க்கரும் 1956இல் எழுதிவைத்த முறை, இன்றும் அசையவில்லை. பச்சைப் படிகங்களைச் சிவப்பு விளக்கில் கரைத்து, ஒளி காட்டி, ஃபினாந்த்ரோலின் சேர்த்து 510 நானோமீட்டரில் அளந்தால் எத்தனை ஃபோட்டான் விழுந்தது என்று கணக்கு வரும். ஒன்றாம் குழாய்க்கு வருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் நான்காம் குழாய்க்கு வருகிறது. நடுக்குழல் லேசாகச் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் என் சிறந்த தூளை எப்போதும் ஒன்றாம் குழாயில் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இப்போது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாய்களை இடம் மாற்றுகிறேன்.

தூளைப் பற்றிக் கேட்பீர்கள். நான் செய்வது துத்தநாக ஆக்சைடும் கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடும் கலந்த ஒன்று. கார்பன் நைட்ரைடுக்கு யூரியா போதும். மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் 550 டிகிரியில் வைத்தால் வெளிர் மஞ்சள் தூள் கிடைக்கும். லேப் முழுக்க அம்மோனியா நெடி, இருபது கிராம் போட்டால் ஒரு கிராம்கூடத் தேறாது. மெலமின் போட்டால் நிறைய வரும், ஆனால் மேற்பரப்பு குறைவு. ஒருமுறை ஊரில் தோட்டத்து மூட்டையிலிருந்து யூரியா எடுத்து வந்து போட்டேன். 2015இலிருந்து உர யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கிண்ணத்தைத் திறந்ததும் கருகிய வேப்பெண்ணெய் வாசம், கைடு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கார்பன் நைட்ரைடின் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான ஆற்றல், 2.7 எலக்ட்ரான் வோல்ட், 460 நானோமீட்டர் வரை ஒளியை வாங்கும். டைட்டானியாவுக்கு (டைட்டானியம் டை ஆக்சைடு), அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தில், 3.2, அதாவது 387க்கு மேல் ஒன்றும் எடுக்காது. வெயிலில் யூவி நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. எங்கள் துறையில் எல்லோரும் மஞ்சள் தூள், ஆரஞ்சுத் தூள் என்று அலைவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் ஒரு அடக்கமான ஆலோசனை. பெட்டி வந்த முதல் நாள் உங்கள் தூளைப் போடாதீர்கள், பி25ஐப் போடுங்கள். செய்யும் கம்பெனியை டெகுஸா என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது எவோனிக். டைட்டானியம் டெட்ராகுளோரைடைத் தீச்சுவாலையில் எரித்துச் செய்யும் வெள்ளை டைட்டானியாத் தூள். சுமார் 80க்கு 20 அனடேஸும் ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவமும், கிராமுக்கு 50 சதுர மீட்டர் மேற்பரப்பு. எந்த நாட்டு லேபில் எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். என் பெட்டியில் அது அரை மணி நேரத்தில் நீலத்தை முடித்துவிடுகிறது. நான் மூன்று வருடம் செய்த தூள் யூவியில் அதைத் தாண்டவில்லை. எங்கள் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகளில் பாதி, 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியா மின்முனையில் ஒளி காட்டித் தண்ணீரைப் பிரித்தார்கள் என்றுதான் ஆரம்பிக்கும். என்னுடையதும் அப்படித்தான் ஆரம்பிக்கப் போகிறது. அதே டைட்டானியாவிடம் இத்தனை வருடம் கழித்தும் நான் தோற்கிறேன் என்பது மூன்றாவது அத்தியாயத்தில் வரும்.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கென்று 300 வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்று தனி விலைக்குத் தந்தார்கள். வாங்காதீர்கள். யூவியை வெட்டும் வடிகட்டி எதுவும் அதில் இல்லை. ஒரு மோலார் சோடியம் நைட்ரைட் கரைசலை, அதாவது லிட்டருக்கு 69 கிராம், கண்ணாடிச் சட்டைக்குள் ஓடவிட்டால் 400க்குக் கீழே வெட்டிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம், சிங்க்கில் ஊற்றக் கூடாது. அப்படி வெட்டினாலும் மெத்திலீன் புளூவே 664இல் ஒளியை வாங்கிக்கொண்டு எலக்ட்ரானைத் தூளுக்குக் கொடுத்துத் தானே வெளுக்கும். தூளின் திறமையா சாயத்தின் திறமையா என்று தெரிய வேண்டுமென்றால் ஃபீனால் மாதிரி நிறமில்லாத ஒன்றை வைத்துப் பாருங்கள்.

போன வருடம் தீபாவளி லீவில் சித்தப்பா பட்டறையிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் நிஜ சாயத்தண்ணீர் கொண்டு வந்தேன். எங்கள் ஊர் திருப்பூர் பக்கம். அப்பா டையிங் மாஸ்டராக இருந்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அப்பா பல மாதம் வீட்டில் இருந்தார். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை விவசாயத்துக்கென்று கட்டி, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக ஆனதைப் பார்த்த ஊர் இது. அதனால் இந்தப் பெட்டிக்கு உண்மையான பரீட்சை அந்தக் கேன்தான் என்று நினைத்தேன்.

ரியாக்டிவ் கறுப்பு. டீ டிகாக்‌ஷன் மாதிரி அல்ல, தார் மாதிரி. மூன்று மணி நேரம் ஓட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஒளி குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. போதாக்குறைக்கு சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். ஹைட்ராக்சில் ராடிக்கல் சாயத்தைத் தொடும் முன்பே கார்பனேட் அதைத் தின்றுவிடும். அமிலம் விட்டுக் காரத்தைப் போக்கி, இருபது மடங்கு தண்ணீர் கலந்து ஓட்டினால்தான் ஒரு மாலைப்பொழுதில் தெளிந்தது. சி.ஓ.டி. போட்டுப் பார்த்தேன், அதாவது தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிமப் பொருளை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. நிறம் முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தும் சி.ஓ.டி. பாதிகூடக் குறையவில்லை. நிறம் தரும் பிணைப்பு அறுந்துவிட்டது, துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன.

தெளிந்த பாட்டிலை அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கலர் போச்சு சரி. உப்பு எங்கே அம்மிணி போச்சு?" என்று கேட்டார். பஞ்சுத் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு போடுவார்கள். எந்த ஒளியும் எந்தத் தூளும் அந்த உப்பில் ஒரு கிராமைக்கூட எடுக்காது. பட்டறைக்காரர்கள் இன்று ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டுவதற்குப் பாதிக் காரணம் அந்த உப்பு. என் பெட்டி அந்த வரிசையில் எங்காவது ஒரு ஓரத்தில் நிற்கலாம். "கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி" என்று கம்பெனி அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் எடுத்துவிடலாம்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். விசிறியும் கதவு சுவிட்சும் சரியாக இருந்திருந்தால் நான்கு. இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் எல்.இ.டி. வைத்த கலனைத்தான் பார்ப்பேன். போட்டதும் எரியும், அணைத்த உடனே திரும்பப் போட்டாலும் எரியும், மற்ற அலைகள் இல்லை, சூடும் குறைவு. மெர்க்குரிதான் வேண்டுமென்றால் விலை பேசும்போதே வெற்று ஓட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மூடியில் காற்று வழி கேளுங்கள், குழாய்க்கு ஒளி ஊடுருவல் வரைபடம் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கம்பெனிக்குப் போங்கள். சில இடங்களில் தெருவிளக்கு மெர்க்குரி பல்பின் வெளிக்கண்ணாடியை உடைத்துவிட்டு உள்குழலை வைத்து ஓட்டுகிறார்கள். மலிவுதான். அந்தக் கண் உறுத்தலைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் நான் செய்ய மாட்டேன்.

விளக்கு எத்தனை மணி எரிந்தது என்று காட்ட மீட்டர் இல்லை, பெட்டி மேல் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு எழுதுகிறோம். வயதாக ஆக வெளிச்சம் குறையும். முதல் விளக்கை 700 மணியில் மாற்றினேன். இரண்டாவது நேற்று மாலை நிறுத்தும்போது 440. எனக்கு ஃபெலோஷிப் இன்னும் எட்டு மாதம். மூன்றாவது விளக்குக்கு கான்டிஜென்சி என்ற சில்லறைச் செலவு நிதியில் பணம் இருக்கிறதா என்று நாளைக்குத்தான் ஆபீஸில் கேட்க வேண்டும்.